மான் படுத்த இடம்

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தை விடிய விடியப் பார்த்துப் பழகிய நம் கிராமத்து ரசிகர்கள், தினைப்புனத்தில் வேடன் கோலம் பூண்டு வந்து நிற்கும் முருகன், தான் துரத்திவந்த மான் இவ்வழியே போயிற்றா என்று வள்ளியிடம் விசாரிக்கும் கட்டத்தை மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கேள்வியைத் தொட்டுத்தான் இருவருக்கும் தர்க்கம் மூள்கிறது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தத்தம் சாமர்த்தியத்தைக் காட்டுவதும் அங்கேதான். ஆயினும், வேட்டைத் தொழிலின் இலக்கணத்தைச் சிறிதேனும் அறிந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழாமற்போகாது. மெய்யான வேடன் எவனும், மான் எங்கே போயிற்று என்று பிறரைக் கேட்கமாட்டான். மண்ணைப் பார்ப்பான், புல்லைப் பார்ப்பான், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பார்ப்பான். வெயில் ஏறிவிட்ட வேளையாயின், மான் இனி நடமாடாது, எங்கோ நிழல் கண்டு படுத்திருக்கும் என்று தெளிந்து, அந்த நிழல் எதுவாக இருக்கும் என்று யோசிப்பான். வேடர்கோன் நம்பிராஜன் குடிலில் வளர்ந்த வள்ளிக்கு, வந்திருப்பவன் வேடன் அல்லன் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே விளங்கியிருக்க வேண்டும். விளங்கியும் விளங்காதவள்போல் நின்றாள் என்று கொண்டால் நாடகத்தின் ரசம் இன்னும் கூடுகிறது. அது பார்ப்பவர் பாடு.

சென்ற வாரம் குளம்புத் தடங்களைப் பற்றிப் பேசினோம். தடம் மான் போன வழியைக் காட்டும். அது இப்போது இருக்கும் இடத்தைக் காட்டாது. தடத்தைப் பின்பற்றத் தெரிந்தவர்கள் அநேகர் உண்டு. தடம் எங்கே போய் முடியும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த இடத்துக்குப் போகாமலேயே அதைச் சுட்டிக்காட்ட வல்லவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய வித்தையே இவ்வாரத்து விஷயம்.

அந்த வித்தையை நான் கண்ட சீமை எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து திருத்தணியின் தணிகை மலைக்குச் சாலை வழியாகப் போகிற யாத்திரிகர், திருவள்ளூரைக் கடந்தபின் கனகம்மாசத்திரத்தில் சற்றே இறங்கித் தேநீர் பருகுவது வழக்கம். அங்கே நின்று, வானம் தெளிந்த நாளில், வடமேற்குத் திசையை நோக்கினால் நகரி மலைத்தொடர் தெரியும். கனகம்மாசத்திரத்துக்கு அண்மையிலேயே இருக்கிறது திருவாலங்காடு. காரைக்காலம்மையார் நரியும் பேயும் உலவும் காடாகக் கண்டு பாடிய தலம். இன்று அந்தக் காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் விளைகின்றன. காடு பின்வாங்கிப் பின்வாங்கி, ஏரிகளுக்கு அப்பாலுள்ள கரடுகளிலும், ஆந்திர எல்லையை ஒட்டிய மலைச்சரிவுகளிலும் போய் ஒண்டிக்கொண்டது. இந்தச் சீமை ஒருகாலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்ததாய், வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து, 1911-இல் சித்தூர் ஜில்லாவுக்குப் போய், எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கல் எங்கே நடப்பட்டது என்பது குறித்து மனிதர்கள் பெரிய கிளர்ச்சி நடத்தினார்கள்; மான்கள் அதைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. அந்தக் கரையில் மேய்ந்து இந்தக் கரையில் படுக்கின்றன.

மான் ஏன் படுக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. களைப்பினால் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மான் இனத்தின் வாழ்க்கைத் திட்டமே அந்தப் படுக்கையில்தான் அடங்கியிருக்கிறது. பசுவைப்போலவே மானுக்கும் இரைப்பை நான்கு அறைகளாய் அமைந்தது. திறந்தவெளியில் நின்று மேயும் ஒவ்வொரு நிமிஷமும் புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நிமிஷமாதலால், மான் அங்கே மென்று தின்பதில்லை. அரைகுறையாய்க் கடித்து, அவசரமாய் விழுங்கி, முதல் அறையை நிரப்பிக்கொண்டு, பத்திரமான மறைவிடம் ஒன்றை அடைந்தபிறகு, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து ஆற அமர அசைபோடுகிறது. ஆகவே மேய்ச்சல் நிலம் அதற்குச் சந்தைக்கடை போன்றது, படுக்கைதான் வீடு. சந்தையில் ஒருவனைக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வீடு தெரிந்துவிட்டால், அவன் எப்போது வெளியே புறப்படுவான், எந்த வழியாய்ப் போவான், எப்போது திரும்புவான் என்பதெல்லாம் தாமே விளங்கிவிடும்.

வீடு என்றேனாயினும், எல்லா மானும் ஒரே மாதிரி வீடு கட்டுவதில்லை. கடமான் பகலில் வெளிச்சத்தை வெறுக்கும் பிராணி. மலைச்சரிவில், ஓடை அறுத்த பள்ளத்தின் தலைமாட்டில், மூங்கிலோ புதரோ அடர்ந்து சூரியன் நுழையாத மூலையில் ஒன்றியாகவோ இரண்டு மூன்றாகவோ படுத்துக் கிடந்து, அந்தி சாய்ந்த பின்னரே கீழிறங்கும். புள்ளிமானோ கூட்டத்தின் தைரியத்தில் வாழ்வது. வெயில் நேரத்தில் மரநிழலையும் புதரோரத்தையும் நாடினாலும், இரவில் பெரும்பாலும் திறந்த புல்வெளியையே தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையை நோக்கியபடி படுக்கும்; பதுங்கி வருகிற பகைவனுக்கு மறைவு கிடைக்காத இடமே அதற்கு அரண். கேளையாடு தனிமை விரும்பி. உருவில் முயலைவிடச் சற்றே பெரிதான சருகுமான் பாறையிடுக்கிலும் மரத்தின் வேர்ப்பொந்திலும் புகுந்துகொள்ளும். வெளிமான் இவை எல்லாவற்றுக்கும் நேர் விரோதம். அது மறைவு என்பதையே நம்புவதில்லை. உச்சிவெயிலிலும் வெட்டவெளியில் கிடந்து, தன் கண்ணையும் காலையும் மட்டுமே நம்பி உயிர் வாழ்கிறது. கிண்டியில் இந்தப் பேதத்தை ஒரே காலையில் பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். அங்கே ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த போலோ மைதானத்துப் புல்வெளி வெளிமானுக்கும், அதைச் சுற்றிய புதர்க்காடு புள்ளிமானுக்குமாக, யாரும் பாகப்பிரிவினை எழுதிவைக்காமலே பிரிந்திருக்கின்றன. சீமைக்கருவேல் நாடெங்கும் பரவியபோது புள்ளிமான் அதன் நிழலை ஏற்றுக்கொண்டு, அதன் நெற்றையும் தின்னப் பழகியது. கோடிக்கரையிலும் வல்லநாட்டிலும் வெளிமானுக்கு அதே மரம் பகையாயிற்று. ஒரே மரம் ஒன்றுக்கு வீடாகவும் மற்றொன்றுக்கு வீடு பறிபோன துயரமாகவும் ஆகிவிட்டதை, மரம் நட்டால் போதும் காடு வளர்ந்துவிடும் என்று நினைக்கிற நம் உத்தியோகஸ்தர்கள் சிறிது கவனித்தால் நலம்.

கனகம்மாசத்திரத்துக்கு வடக்கே, ஏரிக்கரையைத் தாண்டிய ஒரு கரட்டில், இருளர் குலத்துப் பெரியவர் ஒருவரோடு மார்கழி மாதத்து விடியற்காலையில் நடந்திருக்கிறேன். வயது எழுபதுக்கு மேல். தம் வயதை ஒருபோதும் எண்ணிப் பார்த்தவர் அல்லர். காரையும் சூரையும் களாவும் பின்னிக்கிடந்த அந்தப் புதர்களுக்கு நடுவே சிறியதொரு புல்தரை. என் கண்ணுக்கு அங்கே புல்லைத் தவிர வேறொன்றும் படவில்லை. ஓர் அடி எடுத்து வைக்கப் போனவனைக் கையை நீட்டித் தடுத்தார்.

"சாமி, அங்க கால வெக்காதீங்க."

"ஏன் பெரியவரே?"

"பாருங்க, பனி எங்க கீது, எங்க இல்ல."

பிறகுதான் பார்த்தேன். புல்வெளி முழுவதும் பனி வெள்ளையாய்ப் படிந்திருக்க, நாலைந்து இடங்களில் மட்டும் முறத்தளவுக்கு நீள்வட்டமாய்ப் புல் படிந்து, பச்சையாய், ஈரமின்றி இருந்தது. பனி இறங்கிய நேரத்தில் அந்த இடங்களை உடம்புகள் மூடியிருந்தன; பனி இறங்கி முடித்தபின்தான் அவை எழுந்து போயின. அவற்றுள் ஒன்றில் மட்டும், படிந்த புல்லின் மேலேயே மெல்லிய பனி ஏறியிருந்தது. அந்த மான் மற்றவற்றுக்கு முன்னாலேயே, இரவு பாதியில் எழுந்து போய்விட்டது என்பது அவர் கணக்கு. ஓரத்தில் உட்கார்ந்து, புறங்கையை மட்டும் நீட்டி ஒரு படுக்கையைத் தொட்டுப் பார்த்தார். முன்பக்கத்தில் மடிந்த முழங்கால்கள் அழுத்திய இரு சிறு குழிகளைச் சுட்டினார். அவை இருக்கும் பக்கத்தைக் கொண்டு, மான் எந்தத் திசையை நோக்கிப் படுத்திருந்தது என்பதை அறியலாம். சிவந்த, முறுக்கில்லாத ஒரு மயிரைப் புல்லிலிருந்து பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முழத்துக்கு அப்பால் புழுக்கைகள் கிடந்தன. எழுந்தவுடன் சோம்பல் முறித்துச் சாணமிட்டுப் போவது இந்த இனத்தின் சுபாவம். கருத்து, மினுங்கி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது இன்றையது. வெளுத்து, மேல்தோல் வெடித்திருந்தால் பழையது. இத்தனையையும் அவர் ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்திற்குள் சொல்லி முடித்து, வந்த வழியே என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். உள்ளே போய்ப் பார்த்தால் என்ன என்று மறுபடியும் கேட்டேன். "நம்ம வாசன அங்கயே நிக்கும் சாமி. அப்பறம் அது எடத்த மாத்திக்கும். எடத்த மாத்திக்கினா நாம மறுபடி மொதல்லேர்ந்து தேடணும்" என்றார்.

அந்தச் சொல்லில்தான் இந்த வித்தையின் உயிர்நிலை இருக்கிறது. மானைக் கலைக்காமல் மானின் படுக்கையை அறிய வேண்டும். கலைந்த புள்ளிமான் ஒருவேளை மறுநாளே திரும்பி வரலாம். கலைந்த கடமானோ, அதிலும் கொம்பு முதிர்ந்த கிழட்டுக் கலை, அந்தப் பள்ளத்தாக்கையே கைவிட்டுப் போய்விடும் என்பார்கள் வேட்டைக்காரர்கள். ஆகவே படுக்கையைத் தேடுகிறவன் நேரே அதை நோக்கிப் போவதில்லை; அதைச் சுற்றிலும் உள்ளவற்றை முதலில் படிக்கிறான். விடியலில் தடங்கள் மேல்நோக்கி ஏறுகின்றனவா, அந்தியில் கீழ்நோக்கி இறங்குகின்றனவா. மேய்ச்சலுக்குப் போகும்போது நீள நீளமாய் விழுகிற அடிகள், படுக்கை நெருங்க நெருங்கக் குறுகி, இங்கொரு கொழுந்தைக் கடித்து அங்கொரு கொழுந்தைக் கடித்துத் தயங்கித் திரும்புகின்றனவா. மரப்பட்டையில் கொம்பு தேய்த்த காயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதில் கசிந்த பால் உலர்ந்துவிட்டதா. பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையே இதற்கு உத்தமமான காலம்; பழைய தடங்களையெல்லாம் மழை அழித்துவிடுவதால், கண்ணில் படுகிற ஒவ்வொரு தடமும் மழைக்குப் பிந்தியது என்று ஐயமறச் சொல்லலாம்.

எல்லாவற்றினும் சூட்சுமமானது காற்று. மலைச்சரிவில் வெயில் ஏற ஏறச் சூடேறிய காற்று மேல்நோக்கிப் போகிறது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் அதே காற்று கீழ்நோக்கி வழிகிறது. பகலில் சரிவின் மேற்பகுதியில், பாறைக்கோ புதருக்கோ முதுகைக் கொடுத்துக் கீழே பார்த்துப் படுத்திருக்கும் மானுக்கு, பள்ளத்தில் நடமாடுகிற எதன் வாசனையும் காற்றே கொண்டுவந்து கொடுத்துவிடும். பின்பக்கத்தை மூக்கும் முன்பக்கத்தைக் கண்ணும் காவல் காக்கும்படியாக, வீசுகிற காற்றுக்குப் புறங்காட்டிப் படுக்கும் மான்களும் உண்டு. கீழிருந்து ஏறி வருகிறவன், எவ்வளவு மெல்ல அடிவைத்தாலும், மலையில் கால் வைத்த கணத்திலேயே தன் வருகையை அறிவித்துவிட்டவனாகிறான். அதனால்தான் பழைய வேட்டைத் துணைவர்கள், இரவே எழுந்து சுற்றுவழியாய் மலைமுடிக்குப் போய், வெயில் ஏறியபின் மேலிருந்து கீழே பார்த்தார்கள்.

படுக்கைகளுள் ஒன்று மட்டும் தனி ஜாதி. அது குட்டியின் படுக்கை. புள்ளிமான் ஈன்ற முதல் சில நாட்களுக்குக் குட்டியைத் தன்னுடன் அழைத்துக்கொண்டு திரிவதில்லை. நக்கி நக்கி அதன் உடம்பிலுள்ள வாசனையைப் போக்கி, நஞ்சுக்கொடியையும் தானே தின்று தடயத்தை அழித்து, புல்லிலோ புதரிலோ அதைப் படுக்கவைத்துவிட்டுத் தூரத்தில் போய் மேயும். பால் கொடுக்கும் வேளைக்கு மட்டும் வந்து போகும். குட்டியோ, கழுத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, அருகே காலடி கேட்டாலும் அசையாமல், புள்ளிகள் நிழலோடு கலக்கக் கிடக்கும். மான் ஈன்ற பெண்மகவு வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடக்க, தாய்மான் அகன்று போயிற்று என்றும், நம்பிராஜன் கண்டெடுத்து வளர்த்தான் என்றும் காஞ்சி கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் சொல்கிறது. காட்டை அறிந்த எவனோ ஒருவனுடைய அனுபவம் அந்தக் கதைக்கு அடியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வேடர்கோன் செய்ததை இன்று நாம் செய்தால் பெரும் தீங்கு. தோட்டத்து ஓரத்தில் மான்குட்டி தனியே கிடக்கிறது, தாய் விட்டுப் போய்விட்டது என்று இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிவருகிறவர்கள், அருகிலேயே மறைந்து நின்று தாங்கள் அகல்வதற்காகக் காத்திருக்கும் தாயிடமிருந்து அதைப் பிரித்துவிடுகிறார்கள். தொடாமல் விலகிப் போய், வனத்துறைக்குச் சொல்லிவிடுவதே செய்யத்தக்கது.

வேட்டைக்கென்று ஒரு பருவமும், அதற்கு முன்னால் காட்டைச் சோதித்து வைக்கும் ஏற்பாடும் நம் நாட்டில் சட்டபூர்வமாக முளைத்தது நீலகிரியில். தோட்டக்கார துரைகளும் பட்டாளத்துத் துரைகளும் ஆண்டு முழுவதும், பெட்டையென்றும் குட்டியென்றும் பாராமல் சுட்டுத் தள்ளியதில் மான்களும் வரையாடுகளும் அருகிப்போன பிறகு, 1877-இல் அவர்களே கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று அந்த ஜில்லாவுக்கென்றே பிறந்தது. ஆண்டில் இன்ன மாதங்கள் துப்பாக்கி எடுக்கலாகாது, எடுக்கும் மாதங்களிலும் உரிமம் வேண்டும் என்ற நியதி அப்படி வந்தது. காட்டைக் காக்க வேண்டுமென்ற ஞானோதயத்தைவிட, சுடுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடுமோ என்ற பயமே அதற்குத் தாய் என்று சொன்னால் அது அவதூறு ஆகாது. ஏனைய காடுகளுக்கு 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. 1912-இல் இந்தியா முழுமைக்குமாக ஒரு சட்டம் வந்தது.

பருவம் திறப்பதற்கு முன்னால் துரைக்குத் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காட்டுக்குள் போனவர்கள் குறும்பரும் இருளரும், திருத்தணி வட்டாரத்து மலைகளில் யானாதிகளும். பருவம் தொடங்க நெடுநாள் இருக்கும்போதே அவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் படுக்கைகளைப் பார்த்து வருவார்கள். தாங்கள் போய் வந்த கலக்கத்தை மான்கள் மறப்பதற்கு அவகாசம் வேண்டுமென்பதற்காகவே அந்த முன்னேற்பாடு. பிறகு தொலைவில் நின்று பார்ப்பதோடு சரி. துரை வந்ததும், இந்த ஓடை, இந்தப் பாறை, இந்த நாழிகை என்று கொண்டுபோய் நிறுத்துவார்கள். விசையை அழுத்தும் வேலை மட்டும் பாக்கியிருக்கும். கொம்பின் நீளத்தை அங்குலக் கணக்கில் பதிந்துவைப்பதற்காக லண்டனில் ரோலண்ட் வார்டு என்பவர் 1892-இல் தொடங்கிய புத்தகத்தில், கொம்பின் சுற்றளவுக்கும் கிளைகளின் தொகைக்கும் கிடைத்த இடத்துக்கும் உடைமையாளர் பெயருக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. அந்த மான் படுத்த இடத்தைக் கண்டுபிடித்தவன் பெயருக்குப் பத்தி கிடையாது.

இதற்கு விலக்காகச் சொல்லத்தக்கவர்களுள் ஒருவர் பெங்களூரில் வாழ்ந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). திருத்தணிக்கு வடமேற்கே, திருப்பதியைச் சுற்றிய சாமலாப் பள்ளத்தாக்கையும் மாமண்டூர்க் காட்டையும் பற்றி அவர் எழுதியவை இன்றும் விறுவிறுப்புக் குன்றாமல் படிக்கப்படுகின்றன. பென்னாகரம் பக்கத்துக் காட்டில் ஆற்றோரப் பொந்தில் குடும்பத்தோடு வாழ்ந்த பைரா என்ற பூசாரியைத் தம் ஆசானாகவே அவர் பெயர் சொல்லி எழுதிவைத்தார். வேட்டை இலக்கியத்தில் மிகைப்படுத்தல் சர்வசாதாரணம். ஆண்டர்சனையும் வரிக்கு வரி நம்ப வேண்டுமென்பதில்லை. ஆனால் யாரிடம் கற்றேன் என்று ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு குணத்துக்காக அவருக்கு அநேக பிழைகளை மன்னிக்கலாம்.

இந்தக் கல்வி எவ்வளவு பழையது என்று கேட்டால், விடை திருவள்ளூர் மாவட்டத்து மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையைச் சேர்ந்த அத்திரம்பாக்கத்தில், 1863-இல் நிலவியலாளர்களான ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1999 முதல் அங்கே அகழ்ந்து, அக்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். அந்த அகழ்வில், கற்கோடரிகள் கிடந்த படிவத்திலேயே விலங்குகளின் பல் எச்சங்களும், களிமண்ணில் பதிந்து இறுகிய குளம்புத் தடங்களும் கிடைத்தன. எழுத்தும் ஏரும் இல்லாத அக்காலத்தில், ஈரமண்ணில் குளம்பு பதிந்ததைப் பார்த்து, இது போய் எவ்வளவு நேரமாயிற்று, இப்போது எங்கே படுத்திருக்கும் என்று ஊகித்தவன் பசியாறினான். ஊகிக்கத் தெரியாதவன் கிழங்கோடு நிறுத்திக்கொண்டான். கலஹாரிப் பாலைவனத்து வேடர்களோடு பழகிய லூயி லீபன்பெர்க் என்ற தென்னாப்பிரிக்கர், தடம் பார்க்கும் கலையே விஞ்ஞானத்தின் தொடக்கம் என்று 1990-இல் ஒரு நூலே எழுதினார். கண்ணுக்குப் புலப்படுவதைக் கொண்டு புலப்படாததை அனுமானிப்பதும், அனுமானம் பொய்த்தால் வேறொன்றைக் கொள்வதும் விஞ்ஞானமாயின், பனியில்லாத புல்லைப் பார்த்து மான் எழுந்த நேரத்தைச் சொன்ன அந்தப் பெரியவரை விஞ்ஞானி என்று அழைப்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் கதவை அறவே மூடிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அச்சட்டத்தின் முதல் வடிவத்தில் உரிமம் பெற்று வேட்டையாடுவதற்கு இடம் இருந்தது. இரவில் ஆகாது, செயற்கை விளக்கு ஆகாது, உப்புமண்ணிலும் நீர்நிலையிலும் ஆகாது, புதருக்குத் தீ வைக்கலாகாது, வாகனத்தில் இருந்தபடி ஆகாது என்று நீண்டதொரு விலக்குப் பட்டியலோடு அந்த வாசல் திறந்தே வைக்கப்பட்டிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே அதைச் சாத்தியது. அந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால், விலக்கப்பட்டவற்றுள் பல, மானைத் தேடி அலையாமல் அது வந்தே தீர வேண்டிய இடத்தில் உட்கார்ந்து கொல்லும் சோம்பேறித் தந்திரங்கள் என்பது தெரியும். நடந்து, தடம் பார்த்து, படுக்கையை அறிந்து எதிர்கொள்வதற்கு அந்தப் பழைய விதி இடம் வைத்திருந்தது.

பருவம் ஒழிந்தது, துப்பாக்கி அடங்கியது, மிக நன்று. துப்பாக்கியோடு சேர்ந்து அந்த வித்தையும் கேட்பாரற்றுப் போனதுதான் வருந்தத்தக்கது. காட்டுக்குள் இருளர் போவதற்கே தடை வந்தபின், தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுக்கும் வழி அடைபட்டது. மகன் செங்கல் சூளைக்குப் போனான். அந்த அறிவில் மிச்சமிருந்த ஒரு துணுக்கை இன்று பொறுக்கிக்கொண்டவன் கள்ள வேட்டைக்காரன். மான் படுக்கைக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள ஒற்றையடித் தடத்தில், பழைய சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்காக வளைத்துக் கட்டிவிட்டு, வீட்டில் போய்த் தூங்குகிறான். பெட்டை, குட்டி என்ற பேதம் சுருக்குக்குத் தெரியாது. அகப்பட்டது சாகும்வரை அவனுக்கு அங்கே வேலையும் இல்லை. கோடையில் படுக்கையைச் சுற்றிய நீரூற்றுகள் வற்றும்போது மான்கள் ஊர்ப்பக்கம் இறங்கி, கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளில் விழுவதும், தெருநாய்களிடம் சிக்குவதும் வட மாவட்டங்களில் அடிக்கடி நேர்கிற செய்தி. காயமில்லாமல் மீட்கப்பட்ட மானும் அதன்பின் இறந்துபோவதைக் கண்டு ஜனங்கள் வியக்கிறார்கள்; துரத்தலின் பீதியிலும் ஓட்டத்திலும் அதன் தசைகளே சிதைந்து நஞ்சாகிவிடுவதுதான் காரணம். சுற்றி நின்று கூச்சலிட்டுக் கைப்பேசியில் படமெடுப்பவர்கள், நாய்கள் செய்த வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்வது கடுமையாக இருந்தாலும் உண்மை.

துப்பாக்கியில்லாமல் இந்த வித்தையைப் பயின்றவர்கள் முற்றிலும் இல்லாமற்போகவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) தாமே பல உறுப்புகளை ஒட்டி இணைத்து 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாய்ப் பெயர் சூட்டிய காமிராவைத் தூக்கிக்கொண்டு, கால்நடையாகவும் யானை மேலும் காடுகளைச் சுற்றி, தீபகற்ப இந்தியாவின் பெரிய விலங்குகளைப் பற்றி எழுதியவை, மான் எழுந்திருக்கும் வரை பொறுத்திருக்கத் தெரிந்தவரின் எழுத்து. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் 1965 வரை மத்தியப் பிரதேசத்துக் கான்ஹாவில் தங்கி மானையும் புலியையும் கவனித்து 1967-இல் வெளியிட்ட நூல், இத்துறையில் பின்வந்த அனைவருக்கும் அடிப்படை. இப்போது நாடு முழுவதும் 2006 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில், புலிக்கு இரை எவ்வளவு என்பதை அறிவதற்காக, வனக் காவலர்கள் காட்டுக்குள் நேர்கோடுகளில் விடியற்காலையில் நடந்து, எதிர்ப்படும் மான்களின் தொகையையும் தொலைவையும் கோணத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் தரையில் சிறு பகுதிகளை அளந்து புழுக்கைகளையும் பதிகிறார்கள். அந்த நேர்கோட்டில் நடக்கிறவர்களுக்கு முன்னால், வேட்டைத் தடுப்புக் காவலராகத் தினக்கூலிக்கு அமர்த்தப்பட்ட பழங்குடி இளைஞன் ஒருவன் நடப்பது பல காடுகளில் வழக்கம். காகிதத்தில் புழுக்கையைக் குறிப்பதற்கு இடம் இருக்கிறது. அது கடமானுடையதா கேளையாட்டினுடையதா, நேற்றையதா போன வாரத்தையதா என்பதை அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். அவனை நிரந்தரப் பணியில் அமர்த்தி, அவன் பெயரையும் அந்தக் காகிதத்தில் எழுதினால் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

படுக்கையிலிருந்து எழுந்த மான் முதலில் போவது புல்லுக்கு என்று நினைக்கிறோம். மலையடிவாரத்துச் சில இடங்களில் அது முதலில் போவது மண்ணுக்கு. உவர் கசிந்த அந்த மண்ணை நாவால் நக்கி நக்கித் தரையையே குழியாக்கி வைத்திருக்கும் விந்தையையும், 1972-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பாக அந்த இடத்தைப் பெயர் சொல்லி விலக்கியதன் காரணத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.